ரவுட்டரில் யார் எங்கே எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று பார்ப்பது எப்படி

புதுச்சேரி, கடலூர் இரண்டு ஊர்களிலும் தங்கும் விடுதி, ஏற்றுமதி அலுவலகம், பயிற்சி மையம் என்று சிறு இடங்களின் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் முதல் வாக்கியம் மாறுவதே இல்லை: நெட் வேகமே இல்லை. அடுத்த நிமிடம் வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். அதை நான் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சோதனை செய்த நொடியில் இணைப்பில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். மற்ற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர் யார் என்று சொல்லாது. இணைப்பு தரும் நிறுவனம் அனுப்பும் மாதக் கணக்கும் அதே கதைதான். இந்த மாதம் 900 ஜிபி ஓடியது என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது?

தேவைப்படுவது சோடிக் கணக்கு: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எத்தனை பைட். கடலூர் துறைமுகத்து மீன் ஏல நோட்டில் படகு, வியாபாரி, எடை மூன்றும் ஒரே வரியில் இருக்கும். மொத்த எடையை மட்டும் எழுதி வைத்தால் சாயங்காலம் யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனம் 1996-இல் நெட்ஃப்ளோ என்ற பெயரில் தன் ரவுட்டர்களில் கொண்டுவந்த, இந்தச் சோடிக் கணக்கை எழுதித் தரும் வசதி, இன்று சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள மைக்ரோடிக் பெட்டியிலும் இருக்கிறது. நான் அதிகம் கையாள்வது மைக்ரோடிக் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளம் போட்ட ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது, பின்னால் வரும்.

எந்த இடத்தில் நின்று எண்ணுவது

அலுவலகத்தில் எத்தனை கணினி, எத்தனை போன் இருந்தாலும் வெளியுலகுக்கு அத்தனையும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். உள்ளே 192.168.10.23 என்று இருப்பது, ரவுட்டரைத் தாண்டும்போது உங்கள் பொது முகவரியாக மாற்றப்பட்டுவிடுகிறது. நாட் என்று சொல்வது இந்த மாற்றத்தைத்தான். எனவே இணையக் கம்பி வந்து சேரும் வான் பக்கத்தில் நின்று எண்ணினால் எல்லாப் போக்குவரத்தும் ஒரே ஆளுடையதாகத் தோன்றும். யார் என்று தெரிய வேண்டுமானால் லேன் பக்கத்தில், அதாவது முகவரி மாறுவதற்கு முன்னால், நின்று எண்ண வேண்டும். மைக்ரோடிக்கில் இது பெரும்பாலும் பிரிட்ஜ் என்ற பெயரில் இருக்கும்.

இது எளிதாகத் தோன்றும். புதுச்சேரி ஒயிட் டவுன் கட்டடங்களில் அவ்வளவு எளிதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள் கனமானவை. கூடத்தில் வைத்த வைஃபை அடுத்த அறைக்கே தடுமாறித்தான் போகும். அதனால் மாடிக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று கடையில் கிடைத்த வைஃபை ரவுட்டரையெல்லாம் வாங்கி மாட்டியிருப்பார்கள். அவற்றில் பல ரவுட்டர் மோடிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பவர்களை மறைத்துத் தானே ஒரு நாட் செய்யும். உங்கள் முக்கிய ரவுட்டரில் பார்த்தால் மேல்மாடியில் உள்ள 6 அறைகளும் 192.168.10.7 என்ற ஒரே முகவரியாக நிற்கும். இந்த நிலையில் எடுக்கும் எந்தக் கணக்கும் உதவாது.

முதலில் அந்தப் பெட்டிகளை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அதற்கென்று தனி பொத்தான் இல்லாத பழைய பெட்டியானால், கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி சர்வரை நிறுத்துங்கள், அதன் உள்முகவரியை முக்கிய ரவுட்டருடன் மோதாத ஒன்றாக மாற்றுங்கள், வரும் கேபிளை வான் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளையில் செருகுங்கள். இந்த மூன்றையும் செய்தால் அது வெறும் வைஃபை கடத்தியாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு போனும் மடிக்கணினியும் தன் சொந்த முகவரியோடு முக்கிய ரவுட்டருக்கு வந்து சேரும்.

அடுத்தது பெயர் வைப்பது. மைக்ரோடிக்கை அமைக்கும் வின்பாக்ஸ் மென்பொருளைத் திறந்தால் ஐபி மெனுவில் டிஹெச்சிபி சர்வர், அதில் லீசஸ், அதாவது முகவரி வாங்கிய கருவிகளின் பட்டியல். அங்கே ஓரிடத்திலேயே இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றையும் முகவரி மாறாதபடி 'மேக் ஸ்டாடிக்' செய்து, கமெண்ட் பகுதியில் என்னவென்று எழுதுங்கள்: வரவேற்புக் கணினி, கேமரா டிவிஆர், பில் பிரிண்டர், முதலாளி அறை டிவி. அரை மணி நேர வேலை. இரவு 9 மணிக்கு எங்கோ இருந்துகொண்டு ரவுட்டரைத் திறந்து பார்க்கும்போது 192.168.10.41 என்ற எண்ணை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டாம்.

நேரில் பார்ப்பது: டார்ச்

வின்பாக்ஸில் டூல்ஸ், அதற்குள் டார்ச். இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் பிரிட்ஜைத் தேர்ந்தெடுங்கள். கலெக்ட் பகுதியில் புறப்படும் முகவரி, சேரும் முகவரி, புரோட்டோகால் (பேசும் முறை), போர்ட் (எந்தச் சேவை என்று சொல்லும் எண்) ஆகியவற்றுக்கு டிக் போடுங்கள். புதிய வகை முகவரிகளான ஐபிவி6-க்குத் தனிக் கட்டங்கள் இருக்கும், அவற்றையும் விடாதீர்கள். இன்றைய போன்களும் பெரிய தளங்களும் ஐபிவி6 கிடைத்தால் அதில்தான் பேசும். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் போக்குவரத்தில் பெரும்பங்கு கண்ணில் படாமலே போகும். ஸ்டார்ட் அழுத்தியதும் வரிகள் ஓடத் தொடங்கும்.

இங்கே பலரும் தலைகீழாகப் படிப்பது டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற இரண்டு பத்திகளை. அவை ரவுட்டரின் அந்த இன்டர்ஃபேஸ் பார்வையில் எழுதப்பட்டவை. பிரிட்ஜில் டிஎக்ஸ் என்றால் ரவுட்டர் உள்ளே இருப்பவருக்குக் கொடுப்பது, அதாவது அவருடைய பதிவிறக்கம். ஆர்எக்ஸ் என்றால் அவர் மேலே ஏற்றுவது. வான் பக்கம் போய் நின்றால் இரண்டும் இடம் மாறிவிடும். பத்தித் தலைப்பைச் சொடுக்கினால் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகும். முதலில் ஆர்எக்ஸ் பத்தியைச் சொடுக்குங்கள் என்பது என் பழக்கம். எல்லோரும் பதிவிறக்கத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் சிறு இணைப்புகளை முடக்குவது பெரும்பாலும் மேலேற்றம்தான்.

டூமாஸ் வீதிப் பக்கம் ஒரு தங்கும் விடுதி. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருபவர்களால் அறைகள் நிரம்பிவிடும். ஒரு சனிக்கிழமை இரவு, எந்த அறையிலும் எதுவும் திறக்கவில்லை என்று முதலாளியம்மா அழைத்தார். எல்லோரும் படம் பார்க்கிறார்கள், அதுதான் காரணம் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். இணைப்பு 100 மெகாபிட் பதிவிறக்கம், 20 மெகாபிட் மேலேற்றம். டார்ச்சில் டிஎக்ஸ் பத்தியைக் கூட்டினால் 30-ஐத் தொடவில்லை. படம் பார்ப்பவர்கள்மேல் குற்றமில்லை. ஆர்எக்ஸ் பத்தியில் முதல் வரி மட்டும் 18 மெகாபிட்டில் அசையாமல் நின்றது. புறப்படும் முகவரி .23, சேரும் முகவரி ஒன்றே ஒன்று, போர்ட் 443, வழக்கமான மறையாக்கப்பட்ட இணையத் தொடர்பு. லீசஸ் பட்டியலில் அதன் பெயரைப் பார்த்தால் ஒரு மடிக்கணினி. கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்த புகைப்படக்காரர், அன்றைய படங்களை எல்லாம் இரவோடு இரவாகத் தன் ஸ்டுடியோவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

மேலே ஏற்றும் பாதை நிரம்பினால் கீழே இறக்குவதும் ஏன் நிற்கிறது? நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, வந்த ஒவ்வொரு துண்டுக்கும் கிடைத்தது என்ற ஒப்புகை மேலே போக வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு ஒப்புகைகள் 18 மெகாபிட் படக்குவியலுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கும். ஒப்புகை வராதவரை எதிர்ப்பக்கத்துச் சர்வர் அடுத்த துண்டுகளை வேகமாக அனுப்பாது. 100 மெகாபிட் பாதை காலியாகக் கிடக்கும்போதே பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவரை உடனே துண்டித்துவிடுங்கள் என்றார் முதலாளியம்மா. வாடகை கொடுத்துத் தங்கியிருப்பவரை எதற்குத் துண்டிப்பது? அந்த முகவரிக்கு மேலேற்றத்தில் 5 மெகாபிட் வரம்பு வைத்து ஒரு சிம்பிள் கியூ போட்டேன். சிறிது நேரத்தில் மற்ற அறைகள் சரியாகிவிட்டன. அவருடைய படங்களும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே ஒரு தடை உண்டு. மைக்ரோடிக்கின் ஆரம்ப அமைப்பில் ஃபாஸ்ட்டிராக் என்ற விதி இருக்கும். அதன் வழியாகப் போகும் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சிம்பிள் கியூவைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். கியூ போட்டும் வேகம் குறையவில்லையென்றால் அந்த விதியை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொடர்பைக் கனெக்‌ஷன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் பாருங்கள்.

டார்ச்சுக்குத் தெரியாதவையும் உண்டு. ஒரே பெட்டியின் இரண்டு துளைகளுக்கு நடுவே, உள்ளிருக்கும் சுவிட்ச் சிப் தானாகவே கடத்திவிடும் போக்குவரத்து அதில் வராது. டிவிஆரிலிருந்து வரவேற்பு மானிட்டருக்குப் போகும் கேமராப் படம் இதற்கு உதாரணம். அது இணையத்தைத் தொடுவதில்லை என்பதால் நம் வேலைக்கு நஷ்டமில்லை.

உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு

லேன் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று சொன்னேன். ஆனால் அங்கே மட்டுமே நின்றால் ஒரு பேச்சாளர் உங்கள் கண்ணில் படவே மாட்டார். அது ரவுட்டரேதான்.

கடலூர் முதுநகரில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகம். பத்துக் கணினிகூட இல்லை. மாலையானால் ஏற்றுமதி ஆவணங்களைத் தளத்தில் ஏற்ற முடியவில்லை என்று புகார். பிரிட்ஜில் டார்ச் போட்டால் மேலேற்றம் மொத்தமும் 1 மெகாபிட்கூட இல்லை. அங்கே நிறுத்தியிருந்தால் இணைப்பு நிறுவனத்தின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். இன்டர்ஃபேஸ் பட்டியலைத் திறந்து வான் வரியின் டிஎக்ஸைப் பார்த்தபோது 15 மெகாபிட். உள்ளேயிருந்து வருவது 1, வெளியே போவது 15. மீதி 14 எங்கிருந்து முளைத்தது?

இந்த ஒப்பீட்டை நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் செய்துவிடுகிறேன். லேனில் ஆர்எக்ஸும் வானில் டிஎக்ஸும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ரவுட்டர் தன் சொந்தக் குரலில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறது.

இப்போது டார்ச்சை வான் பக்கம் வைத்தேன். யுடிபி என்ற புரோட்டோகால், போர்ட் 53. அது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் சேவை. வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து வரும் கேள்விகள் ஆர்எக்ஸில் சொற்பம், அதே முகவரிக்குப் போகும் பதில்கள் டிஎக்ஸில் பல மடங்கு. ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் 'அலோ ரிமோட் ரெக்வெஸ்ட்ஸ்' போடப்பட்டிருந்தது. அது தவறில்லை, உள்ளே இருக்கும் கணினிகள் ரவுட்டரிடம் பெயர் கேட்பதற்கு அது வேண்டும். ஆனால் முன்பு வேலை செய்த யாரோ வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஆரம்பத் தீச்சுவர் (ஃபயர்வால்) விதிகளையெல்லாம் அழித்துவிட்டிருந்தார்கள். கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பதற்காக நிலையான பொது முகவரியும் வாங்கியிருந்தார்கள். ஆக, உலகத்தில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வராக அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

இதைத் தேடிக்கொண்டே திரிபவர்கள் இருக்கிறார்கள். கேள்வியை அனுப்புபவன் புறப்படும் முகவரியில் தன் முகவரியைப் போடுவதில்லை, தாக்க வேண்டியவருடைய முகவரியைப் போடுகிறான். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் அந்த அப்பாவிக்குப் போய் விழுகிறது. டிஎன்எஸ் வழியாக நடக்கும்போது இந்தப் பெருக்கம் 28 முதல் 54 மடங்கு வரை இருக்கும் என்று அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பின் எச்சரிக்கைக் குறிப்பில் இருக்கிறது. டார்ச்சில் புறப்பட்ட முகவரியாகத் தெரிபவர் குற்றவாளி இல்லை, அடி வாங்குபவர். அவருடைய முகவரியை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியடையாதீர்கள், நாளை வேறொருவர் வருவார்.

தீர்வு ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ். ரவுட்டருக்கே வருவதைக் கவனிக்கும் இன்புட் செயினில், வான் இன்டர்ஃபேஸ் வழியாக வரும் போர்ட் 53-ஐ யுடிபி, டிசிபி இரண்டுக்கும் டிராப் செய்யும் விதிகள். இன்னும் நல்லது, வான் வழியாக ரவுட்டருக்கே வரும் எல்லாவற்றையும், ஏற்கெனவே நிலைபெற்ற தொடர்புகளைத் தவிர, டிராப் செய்துவிடுவது. விதி போட்டபின் டார்ச்சைப் பார்த்துப் பதற வேண்டாம்: டார்ச் பாக்கெட்டைத் தீச்சுவருக்கு முன்னால் பார்ப்பது, ஆகவே கேள்விகள் ஆர்எக்ஸில் இன்னும் சில நாள் வந்துகொண்டேயிருக்கும். டிஎக்ஸ் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். அந்த அலுவலகத்தில் உடனே விழுந்தது.

உங்கள் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைப்பு நிறுவனமே மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது என்று பொருள். பழைய வகை முகவரியான ஐபிவி4-இல் வெளியாள் நேராக உங்கள் கதவைத் தட்ட முடியாது. ஐபிவி6-க்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்குத் தனித் தீச்சுவர் விதிகள் வேண்டும்.

வேறு ரவுட்டர் இருந்தால்

ஓப்பன்டபிள்யூஆர்டியில் இரண்டு இடங்கள். ஸ்டேட்டஸ் மெனுவில் ரியல்டைம் கிராஃப்ஸ், அதில் கனெக்‌ஷன்ஸ்: புறப்படும் முகவரி, சேரும் முகவரி, ஓடிய அளவு மூன்றும் அங்கேயே வரிசையாக இருக்கும். நேரில் பார்ப்பதற்கு இது போதும். மாதக் கணக்குக்கு என்எல்பிடபிள்யூமான் என்ற பொதியை நிறுவுங்கள். எந்தக் கருவி எந்த வகைப் போக்குவரத்தில் எவ்வளவு என்று அது சேர்த்து வைக்கும், ஐபிவி6-ஐயும் சேர்த்து. ஆனால் சேருமிடத்தை அது எழுதி வைப்பதில்லை. நிறுவியதும் அதன் தரவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அந்த மாதக் கணக்கும் போய்விடும். கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு மின்சாரத்தை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. யுஎஸ்பி துளையில் ஒரு பென் டிரைவைச் செருகி, தரவு அங்கே சேமிக்கப்படும்படி மாற்றிவிடுங்கள். வேகத்துக்காக எண்ணும் இடத்தைத் தாண்டிப் போகவிடும் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை இயக்கியிருந்தால் எண்ணிக்கை குறைவாக வரலாம், அதை நிறுத்திவிட்டு எண்ணுங்கள்.

இணைப்பு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் ஃபைபர் பெட்டியில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதை பிரிட்ஜ் மோடில் (தானே நாட் செய்யாமல் கடத்திவிடும் நிலையில்) போடச் சொல்லிவிட்டு, பின்னால் உங்கள் ரவுட்டரை வையுங்கள். மைக்ரோடிக்கின் பழைய பதிப்புகளில் இருந்த ஐபி அக்கவுன்டிங் 7-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அதைத் தேட வேண்டாம். கருவிவாரியாக மொத்தம் மட்டும் போதுமென்றால் கிட் கண்ட்ரோலில் டிவைசஸ் பட்டியலே காட்டிவிடும்.

நேற்று இரவு நடந்ததை இன்று காலை பார்க்க

டார்ச் அந்த நொடியைத்தான் காட்டும். நேற்று 8 மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதிவு வேண்டும். ஐபி மெனுவில் டிராஃபிக் ஃப்ளோவை (நெட்ஃப்ளோவுக்கு மைக்ரோடிக் வைத்த பெயர்) திறந்து எனேபிள் செய்யுங்கள். இன்டர்ஃபேஸாக எல்லாவற்றையும் போடாமல் பிரிட்ஜை மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே போக்குவரத்து இரண்டு முறை எண்ணப்படும்.

ஆக்டிவ் ஃப்ளோ டைம்அவுட் 30 நிமிடம் என்று இருக்கும். இதை அப்படியே விட்டால் உங்கள் வரைபடம் பொய் சொல்லும். ரவுட்டர் ஒரு தொடர்பை, அது முடியும்வரையோ இந்த நேரம் தீரும்வரையோ தன் நினைவில் வைத்துக்கொண்டு, பிறகுதான் ஒரே வரியாக அனுப்புகிறது. 7.30-க்குத் தொடங்கி 7.58 வரை ஓடிய பதிவிறக்கம் முழுவதும் 7.58-க்கு வந்த ஒரே வரியில் இருக்கும். அதைத் தொகுக்கும் மென்பொருள் அந்த நிமிடத்தில் வானளவு உயர்ந்த கோடு ஒன்றை வரையும், அதற்கு முந்தைய அரை மணி நேரம் அமைதியாக இருந்ததாகக் காட்டும். 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். பேச்சு நின்றுபோன தொடர்பை முடித்துக்கொள்ளும் இன்ஆக்டிவ் டைம்அவுட் 15 நொடி. அது அப்படியே இருக்கட்டும்.

டார்கெட்ஸ் பகுதியில் பதிவைப் பெறப்போகும் கணினியின் முகவரி, போர்ட் 2055, வெர்ஷன் 9. வெர்ஷன் 5 வேண்டாம், அதற்கு ஐபிவி6 தெரியாது. 9-ஆம் பதிப்பு 2004-இல் வெளியானது, அதிலிருந்து வளர்ந்த பொதுத் தரம்தான் ஐபிஃபிக்ஸ். உங்கள் மென்பொருள் ஏற்குமானால் அதையும் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பதிவுகள் யுடிபியில், மறையாக்கம் இல்லாமல் போகின்றன. வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படாது, நடுவில் இருப்பவர் படிக்கவும் முடியும். ஆகவே பெறும் கணினி அதே கட்டடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிப்பாதை வழியாகப் போகட்டும்.

பெறுவதற்கு நான் வைப்பது மூலையில் கிடக்கும் பழைய கணினி அல்லது ராஸ்பெர்ரி பை, அதில் லினக்ஸ், என்எஃப்டம்ப் கருவித்தொகுப்பு. அதன் சேகரிப்பான் வந்த பதிவுகளை 5 நிமிடத்துக்கு ஒரு கோப்பாக எழுதி வைக்கும். நேற்று 7.30 முதல் 8.30 வரையிலான கோப்புகளைக் கொடுத்து, புறப்படும் முகவரி, சேரும் முகவரி இரண்டின்படியும் தொகு, பைட் அளவில் வரிசைப்படுத்து, முதல் 20 வரி காட்டு என்று கேட்டால் நொடியில் பதில் வந்துவிடும். அழகான வரைபடம் வேண்டுமென்று என்டாப்என்ஜி பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது நெட்ஃப்ளோவை நேரடியாக வாங்கிக்கொள்ளாது, நடுவில் என்ப்ரோப் என்ற உரிமக் கட்டணமுள்ள மென்பொருள் வேண்டும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? வெர்ஷன் 5-இல் ஒரு பதிவு 48 பைட், கணக்குப் போட அதுவே வசதி. நொடிக்கு 20 பதிவு என்றால் நாளுக்கு 83 எம்பி, 180 நாளுக்கு 15 ஜிபி. வெர்ஷன் 9-இல் கொஞ்சம் கூடும், சுருக்கிச் சேமித்தால் குறையும். ஒரு விடுதிக்கு 64 ஜிபி மெமரி கார்டு தாராளம்.

180 என்று சும்மா சொல்லவில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது, கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு பொருத்தவும் சொல்கிறது. உத்தரவு இல்லாவிட்டாலும் கடிகாரம் முக்கியம். சிறு ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரம் தவறிவிடும், நேரச் சர்வரிடம் நேரம் கேட்கும் என்டிபி கிளையன்ட் இயங்கினால்தான் திரும்பச் சரியாகும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் போன்ற நாட்களில், மின்சாரமும் இணைப்பும் சேர்ந்தே போய்விட்டு வெவ்வேறு நேரத்தில் திரும்பும். இடைப்பட்ட பதிவுகளின் நேரத்தை நம்பாதீர்கள். பெறும் கணினி உலகப் பொது நேரத்தில் எழுதுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்: நம் இரவு 8 மணி அதில் 14.30 என்று இருக்கும்.

சேருமிடத்தைப் படிப்பது

பட்டியல் கையில் வந்ததும் எல்லோரும் கேட்பது, இந்த எண் எந்தத் தளம்? பெரும்பாலும் தளத்தின் பெயர் கிடைக்காது, நிறுவனத்தின் பெயர் கிடைக்கும். முகவரியை ஹூயிஸ் தேடலில் போட்டால் அது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று அந்த நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணோடு வரும். கூகுளுக்கு 15169, மெட்டாவுக்கு 32934, மைக்ரோசாஃப்ட்டுக்கு 8075, கிளவுட்ஃப்ளேருக்கு 13335. கிளவுட்ஃப்ளேர் என்று வந்தால் அதற்குப் பின்னால் எந்தத் தளம் வேண்டுமானாலும் இருக்கலாம். 17 என்று தொடங்கும் ஐபிவி4 முகவரி எதுவானாலும் ஆப்பிள், அந்த மொத்தத் தொகுதியே அவர்களுடையது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அறைக்கு வந்தவுடன் அந்த வரிகள் பெருகும், மென்பொருள் புதுப்பிப்பும் காப்புப் பிரதியும்தான்.

சேரும் முகவரி உங்கள் இணைப்பு நிறுவனத்துடையதாகவே வந்தால் குழம்ப வேண்டாம். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் சேமிப்புச் சர்வர்களை இணைப்பு நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைக்கின்றன, அவற்றுக்கு அந்த நிறுவனத்தின் முகவரியே இருக்கும். மாலையில் பெரிய பதிவிறக்கமாக அப்படி ஒரு வரி நின்றால் அது பெரும்பாலும் வீடியோ. போர்ட் 443 யுடிபியில் வந்தால் அது குவிக் என்ற புதிய இணையப் பேச்சுமுறை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஒரே முகவரியோடு மட்டும் ஒரு மடிக்கணினி பேசிக்கொண்டிருந்தால் விபிஎன், வீட்டிலிருந்து வேலை செய்பவராக இருக்கும்.

புறப்படும் முகவரியிலும் ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) கொடுக்காமல் கற்பனையான ஒன்றைக் கொடுக்கின்றன. ஐபிவி6-இல் ஒரே போன் பல தற்காலிக முகவரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். ஊழியர்களின் போன்களில், அலுவலக வைஃபைக்கு மட்டும் இந்த மறைப்பை நிறுத்தச் சொல்லலாம். விருந்தினர்களிடம் கேட்காதீர்கள். அவர்களுக்கு விலேன் என்ற தனி உள்வலை கொடுத்து, அறைக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தால் அவர் யார் என்று தெரிய வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

முதலாளிக்குக் கொடுக்கும் தாளில் நான் சேருமிடப் பத்தியை எடுத்துவிடுகிறேன். கருவியின் பெயர், மேலேற்றம், பதிவிறக்கம், நேரம், அவ்வளவுதான். எந்த ஊழியர் எந்த நிறுவனத்தின் தளத்தைப் பார்த்தார் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த வாரம் முதல் வேகத்தைப் பற்றிய கேள்வி நின்றுபோய் ஆளைப் பற்றிய கேள்விதான் வரும். அந்த வேலைக்கு நான் வரவில்லை என்று நேராகவே சொல்லிவிடுவேன். வைரஸ் சந்தேகம், டிஎன்எஸ் வழியாக நடந்தது போன்ற தாக்குதல் என்று வந்தால் மட்டும் முழுப் பட்டியலையும் திறந்து, சம்பந்தப்பட்ட கருவியின் வரிகளை அச்செடுத்துக் கொடுப்பேன். பெறும் கணினியின் கடவுச்சொல் என்னிடமும் அலுவலகத்தில் ஒருவரிடமும் மட்டும் இருக்கும். 180 நாளைத் தாண்டிய கோப்புகள் தானாக அழியும்படி என்எஃப்டம்ப்பின் காலாவதி அமைப்பில் முதல் நாளே போட்டுவிடுங்கள்.